மூன்றாம் ஜன்னலில் கத்தரிக்கோல்

ஜூன் 3

மறுபடியும் குடியேற்ற அலுவலகம், மறுபடியும் மூன்றாம் ஜன்னல். மின்விசிறி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதிகாரியின் முகத்துக்கு மட்டும் சுழல்கிறது. இந்தப் பக்கம் வெயிலில் வெந்த இரும்பு நாற்காலிகள்.

ஊரில் இருக்கும் என் பாப்பாவை இங்கே வரவழைக்க அனுமதி வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன். பள்ளி திறப்பதற்குள் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் அவள் அங்கே அக்கா வீட்டில், நான் இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில்.

இந்த ஊர் மொழி எனக்கு 'சரி', 'எவ்வளவு', 'வேண்டாம்' அளவுக்குத்தான். அதனால் அலுவலகமே ஒரு தமிழ்ப் பெண்ணை மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறது. என்னைவிடச் சின்னவள். இன்று அதிகாரி கையை ஆட்டி ஆட்டி மூச்சு விடாமல் பேசினார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வேலை செய்யற இடத்துலேருந்து ஒரு சான்றிதழ் வேணுமாம்க்கா."

அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா? கத்தரிக்கோல் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஜூன் 5

அக்கா போன் செய்தாள். பாப்பா அவளைப் பெரியம்மா என்பதை விட்டுவிட்டு அம்மா என்றே கூப்பிடுகிறாளாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் 11

சான்றிதழைக் கொடுத்தாயிற்று. இன்று மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினேன் — அவர் இறந்தது, பிழைப்புக்காக இங்கே ஓடி வந்தது, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதுகூடப் பாப்பா நினைப்பு வருவது. கத்தரிக்கோல் ஒரே மூச்சில் ஏதோ சொல்லி முடித்தாள்.

"என்னம்மா சொன்னே?"

"சொல்ல வேண்டியதச் சொன்னேன்க்கா."

எது சொல்ல வேண்டியது என்று தீர்மானிக்க இவள் யார்?

வெளியே வரும்போது பார்த்தேன். மரத்தடியில் அதிகாரியும் அவளும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார், இவள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறாள். ஓஹோ. இப்போதுதான் புரிகிறது. என்னை மாதிரி ஆட்களை இழுத்தடித்தால் இவர்களுக்கு ஏதோ லாபம் இருக்கிறது. என்ன லாபம் என்றுதான் பிடிபடவில்லை.

ஜூன் 12

புகார் கொடுத்துவிட்டேன். அதிலும் ஒரு கூத்து. புகார் அறையிலும் மொழி வேண்டுமே? அந்தக் கட்டடத்தில் இருக்கிற ஒரே தமிழ் ஆள் அவள்தான்.

அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். "இந்தப் பொண்ணு எல்லாத்தையும் அரைகுறையாச் சொல்லுது. அந்த அதிகாரியோட கூட்டுன்னு எனக்குச் சந்தேகம். வேற ஆள் வேணும்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனாலும் பேசினாள், நிறுத்தி நிதானமாக. புகாரை எழுதிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்க்கா. வேற ஏதாவது சேக்கணுமா?"

நிஜமாகவே சொன்னாளா, இல்லை, தன்னைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சேர்த்துக்கொண்டாளா? யாருக்குத் தெரியும்.

ஜூலை 1

புகார் பலித்தது. பலிக்காமலே இருந்திருக்கலாம்.

புது ஆள் போனில் வருகிறார். ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல். ஒரு சொல் விடாமல் சொல்கிறவர். இதைத்தானே கேட்டேன்?

"புருஷன் செத்து ரெண்டு மாசத்துல அஞ்சு வயசுக் குழந்தைய விட்டுட்டு வந்தவங்க நீங்க. மூணு வருஷமா இல்லாத பாசம் இப்ப எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கறார். இந்த மாதிரி அம்மாங்கதான் பிள்ளைய வேலைக்கு விட்டுச் சம்பாதிப்பாங்கன்னும் சொல்றார்."

உடம்பெல்லாம் எரிந்தது. "இவனெல்லாம் பிள்ளை பெத்தவனா" என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேன். குரல் அதையும் மொழிபெயர்த்தது.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதே கேள்விய ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அப்பல்லாம் பணிவா, அழகா பதில் சொன்னீங்க. இன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறார்."

ஒவ்வொரு தடவையுமா? என்னிடம் யாருமே கேட்கவில்லையே. நான் எப்போ பதில் சொன்னேன்?

விஷயம் மேலதிகாரிக்குப் போய்விட்டது. ஜூலை 15 வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூலை 2

சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அலுவலக வாசலில் காத்திருந்தேன். தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. மத்தியானம் கத்தரிக்கோல் வந்தாள். என்னைப் பார்த்ததும் நடையை வேகமாக்கினாள். நானும் விடவில்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லல? என்னைத் திட்டினது எனக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா பதில் சொல்லியிருப்பீங்கக்கா. நேத்து சொன்னீங்களாமே, அப்படி."

"அந்தாளோட சிரிச்சுப் பேசிக்கிட்டு நின்னியே?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா உங்க வேலை நடக்குமா?"

எனக்கு இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. என் மேல் விழுந்த வசவு என்னுடையது. அதை மறைக்க இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? இருந்தாலும் "கோச்சுக்காதேம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவளை இப்போது வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். என் புகார்தான் காரணம். மிச்சம் இருந்த சாமானை எடுக்கத்தான் இன்று இங்கே வந்தாளாம்.

போகும்போது தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாள். "மேலதிகாரி என்ன கேட்டாலும் கோவம் வந்தா வாயத் தொறக்காதீங்க. ஒரு வாய் தண்ணி குடிங்க. அப்புறம் பேசுங்க."

ஜூலை 15

பாட்டில் காலி. அனுமதி கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14

பாப்பா வந்துவிட்டாள். உயரமாகிவிட்டாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. 'இங்க பாருங்க' என்கிறாள். இரவு அக்காவுக்குப் போன் போட்டு "அம்மா" என்று அழுதாள். கேட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

ஜூன் 9

பக்கங்கள் மிச்சம் இருந்ததால் இந்த வருடமும் இதே நோட்டு.

அனுமதியைப் புதுப்பிக்கும் வேலை. அதே ஜன்னல், அதே அதிகாரி, அதே மின்விசிறி. மொழிபெயர்க்க ஆள் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். பாப்பா இப்போது இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறாள். "நான் சொல்றேன்" என்று முன்னால் வந்து நின்றாள்.

அதிகாரி நீளமாகப் பேசினார். நடுவில் இரண்டு தடவை என்னைப் பார்த்தார். பாப்பாவின் காது சிவந்தது. பணிவாக ஏதோ பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஒரு போட்டோ கொண்டு வரணுமாம்."

இந்த ஒரு வருடத்தில் நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறேன். அவர் பேசியதில் பாதி எனக்கே புரிந்தது. போட்டோ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

"சரிம்மா, கொண்டு வரலாம்" என்றேன். பையைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். அவளும் குடித்தாள்.