நடந்து முடித்த பலகை

சூடான தேக்கின் மணம் இன்று காலை பட்டறையிலிருந்து சமையலறை வரை வந்தது. டிரில் மரத்துக்குள் இறங்கும்போது எழும் மணம், லேசாகக் கருகிய வெல்லம் போல. அடுப்பைத் தணித்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் போன பிறகும் பட்டறையில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்த மணம் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோடையின் தொடக்கத்தில் முனுசாமி வந்தார். நம் தெருக்கோடியில் தறி வைத்திருக்கிறாரே, அவர்தான். பழைய வேட்டியில் சுற்றி ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தார். சேலைக் கரையில் உருவம் எழுப்ப அவருடைய தறியின் மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு முன்னொரு காலத்தில் நீங்கள் செய்து கொடுத்த துளைப் பலகை. அதன் துளைகளில் ஊசிகள் தடையில்லாமல் போய்வந்தால்தான் கீழே கரையில் அன்னம் அன்னமாக வரும். பெட்டியைக் கழற்றும்போது கைதவறி விழுந்து, பலகையின் மூலை விரிந்திருந்தது. இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார்.

பட்டறை இப்போது நம் மகள் எஸ்தருடையது. துளைகளின் இடம் காட்டும் உங்கள் இரும்பு அச்சுத் தகட்டை மேலே பொருத்தி, உங்கள் டிரில்லிங் மெஷினிலேயே துளையிட்டுக் கொடுத்தாள். மாதம் முடிவதற்குள் முனுசாமி திரும்பி வந்தார்.

"ஊசி மாட்டிக்கினு நிக்குதுமா. முகூர்த்தச் சேல பாதியில தொங்குது."

பலகை முடிந்ததும் நீங்கள் வழக்கமாகச் செய்யும் சோதனையை, அவர் திருப்பிக் கொண்டுவந்த பலகையை வைத்துச் செய்தோம். புதியதைப் பழையதன் மேல் வைத்துக் கிழக்கு ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நீங்கள் பிடித்தால் வெளிச்சம் முழுப் பொட்டுகளாக வரும். "டீச்சர், வந்து திருத்து" என்று என்னைக் கூப்பிடுவீர்கள். நான் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்ததில்லை. கான்வென்டில் படித்துவிட்டு வந்து உங்கள் சட்டைப் பொத்தான் முதல் எல்லாவற்றையும் திருத்தியதற்கு நீங்கள் வைத்த பெயர் அது. அன்று எஸ்தர் பிடித்தபோது ஓரத்துத் துளைகளில் பிறை பிறையாகத்தான் வெளிச்சம் வந்தது.

"மெஷின் தேஞ்சிடுச்சிமா. பேரிங் ஆடுது, சத்தத்த கேளு" என்றாள். கேட்டேன். தொண்டை கட்டியவர் பேசுவது போலிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் சாலையில் புது மெஷின் விற்கும் கடைக்குப் போனாள். நம்மிடம் புதிதாக வந்திருந்த மரத்தையும் தகட்டையும் கொண்டுபோய் அங்கேயே ஒரு பலகை துளையிட்டு வாங்கி வந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் முழுப் பொட்டு. புதியது வந்து இறங்கும் நாளில் அதே லாரியில் பழையதை எடைக்கு ஏற்றிக்கொண்டு போவதாகக் கடைக்காரர் ஏற்பாடு. எஸ்தர் என் முகத்தையே பார்த்தாள்.

இரும்புக்காக அழுகிறவள் அல்ல நான். ஆனாலும் தாமல் கிராமத்தில் நிலமில்லாத வீட்டில் பிறந்த உங்களுக்கு, உங்கள் பெயரில் வந்த முதல் உடைமை அது. வந்து இறங்கிய அன்று, புது மாடு வாங்கியவரைப் போல அதன் மேலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தீர்கள். அந்த நினைவை வைத்துக்கொண்டு இன்னொருவரின் தறியை நிறுத்திவைக்க எனக்கு உரிமை இல்லை. எடுத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு இரண்டு நாள் பட்டறைப் பக்கம் போகவில்லை.

சில வாரம் கழித்து லாரி வந்தது. ஆட்கள் உங்கள் மெஷினுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். எந்த வேலையையும் ஒருமுறை சரிபார்க்காமல் கையைவிட்டு அனுப்பாதே என்று கான்வென்டில் மதர் எங்களைப் பழக்கியிருந்தார். பழக்கம் விடுமா? கடையில் துளையிட்ட பலகை ஜன்னலோரத்திலேயே கிடந்தது. அதை எடுத்து உங்கள் பலகையின் மேல் வைத்துத் தூக்கிப் பார்த்தேன்.

ஓரத்தில் பிறைகள்.

எஸ்தர் முதலில் செய்த பலகையையும் எடுத்து வைத்தேன். அதே ஓரம், அதே பக்கமாகச் சாய்ந்த பிறைகள்.

"எஸ்தர், அவங்கள நிறுத்தச் சொல்லு."

"இன்னாமா இது, கயிறு கட்டிட்டாங்க."

"ஆடுற மெஷின் தப்பு பண்ணா அங்கங்க பண்ணும். இது ஒரே பக்கமா பண்ணியிருக்கு. ஆடாத புது மெஷினும் அதே தப்ப ஏன் பண்ணணும்?"

பலகைகளை வாங்கிப் பார்த்தாள். உங்களைப் போலவே கட்டை விரலால் ஓரத்தைத் தடவினாள். பிறகு உங்கள் இரும்புத் தகட்டை உங்கள் பலகையின் மேல் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருட வெயிலும் மழையும் தறியின் அதிர்ச்சியும் தாங்கிய பலகை. ஒரு துளைகூட நகரவில்லை.

"மெஷின் இல்லமா. மரம்" என்றாள் மெதுவாக. இரண்டு பலகையுமே மர டிப்போவிலிருந்து வந்த வாரமே அறுத்துத் துளையிட்ட பச்சை மரம். துளையிட்ட பிறகு காய்ந்து சுருங்கியிருக்கிறது. பச்சை மரத்தில் அந்த வெல்ல மணமும் எழாது.

அப்போதுதான் இத்தனை வருடம் என் தலைக்கு மேலிருந்த பரண் எனக்குப் புரிந்தது. சமையலறைப் பரணில் பலகைகளை அடுக்கி வருடக்கணக்கில் போட்டு வைத்திருப்பீர்கள். குழம்பில் தூசி விழுகிறது என்று நான் சண்டை போடுவேன். அந்தச் சண்டையை இன்றும் திரும்பப் பெற மாட்டேன்; தூசி விழுந்தது உண்மை. நீங்கள் ஒரு பலகையை இறக்கி, ஸ்கேல் வைத்துக் குறுக்கே அளந்து, மறுபடியும் ஏற்றிவிடுவீர்கள். "இன்னும் நடந்துக்கினு இருக்குது, டீச்சர்" என்பீர்கள். சாக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். வாசலில் ஆள் நின்று அவசரப்படுத்தும்போதும் அதையே சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். வெட்டிய பிறகும் மரம் வெயிலில் ஒடுங்கி, மழையில் விரிந்து, தன் இடத்தைத் தேடி நடந்துகொண்டேயிருக்கிறது. அது நின்ற பிறகுதான் நீங்கள் அதன் மேல் டிரில்லை வைத்தீர்கள். என் அடுப்புக்கு மேலே இவ்வளவு பெரிய காரியம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. சமையலறைக்குப் போய், கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரர்களுக்கு டீ கொடுத்து, புது மெஷினோடு திருப்பி அனுப்பினோம். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்ல முடியாது. பேரிங் தேய்ந்துதான் இருந்தது, எஸ்தரே மாற்றினாள். ஓடும் பெல்ட்டுக்கு மூடி போட்டால்தான் தொடலாம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். உங்களிடம் எடுபடாத அந்த உத்தரவு உங்கள் மகளிடம் எடுபட்டது.

பரணில், கிறிஸ்துமஸ் நட்சத்திரப் பெட்டிக்குப் பின்னால், நீங்கள் போட்டு வைத்த தேக்குப் பலகை ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. எடுத்ததும் துளையிட நான் விடவில்லை. மீதிக் கோடை முழுக்க அளக்க வைத்தேன். மழை பிடித்த பிறகும் அளக்க வைத்தேன். அது அசையவில்லை. அதுவரை முனுசாமி பழைய பலகையை வாங்கிப்போய், விரிசலில் தகடு அடித்து அரைகுறையாகத் தறியை ஓட்டினார்.

இன்று காலை துளையிட்டாள். முனுசாமியும் பழைய பலகையோடு வந்துவிட்டார்.

"அய்யாகூட என்ன இவ்ளோ நாள் இழுத்ததில்லமா" என்றார்.

இழுத்திருப்பார் என்றேன்.

எஸ்தர் இரண்டையும் சேர்த்து ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். நான் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வெள்ளைப் புடவையின் மடியில் வரிசை வரிசையாகப் பொட்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றும் முழுசு. நீங்கள் அன்று போட்ட துளையும் அவள் இன்று போட்ட துளையும் ஒரே வெளிச்சத்தை விட்டன. முனுசாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். திருத்த எனக்கு ஒன்றுமில்லை.

சாயங்காலம் புதுப் பலகைகளைப் பரணில் ஏற்றினோம். அவை எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்ற பிறகு எஸ்தர் துளையிடுவாள். குழம்பை மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஏணியிலிருந்து இறங்கியவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா போனதுல இருந்து கேக்கணும்னு இருந்தேன். உனக்கு இப்ப பரவால்லயாமா?" என்று கேட்டாள்.

"இன்னும் நடந்துக்கினு இருக்குது" என்றேன்.