சிலோனுக்குப் போன ரவுட்டர்

சம்பந்தி,

உங்கள் முதல் வருட நினைவுப் பூசைக்காக நேற்றே தங்கச்சிமடம் வந்துவிட்டேன். இன்று காலை, ஜன்னல் ஓரத்தில் இருக்கும், சிம் போட்டு ஓடும் அந்த வெள்ளை ரவுட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. விடுப்பில் வந்திருக்கும் உங்கள் மகன் ரீகன் கப்பலில் எத்தனையோ பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிறவர். இதை மட்டும் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது உங்க டிபார்ட்மென்ட்" என்று ஒதுங்கிக்கொண்டார். என் மகள் கவிதா சிரித்துக்கொண்டே உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

போனோடு உட்கார்ந்தேன். சூடேறிய ரவுட்டரின் பிளாஸ்டிக் வாசமும் கொல்லையில் காயும் நெத்திலிக் கருவாட்டின் வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. இந்தக் கலவை உங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. நீங்கள் என் தோளுக்கு மேலே குனிந்து, "என்னவாம் அந்த மூதேவிக்கு?" என்று கேட்பதுபோலவே இருந்தது.

நாம் இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்காருவோம் என்று கல்யாணச் சமயத்தில் யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்களும்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரி மகளும் தங்கச்சிமடத்துப் படகுக்காரர் மகனும் ராமநாதபுரத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, இரண்டு வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை. சமாதானம் பேச முதலில் கிளம்பி வந்தது நீங்கள்தான். ஒரு கூடை சீலா மீனோடு வந்தீர்கள். வந்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்று மீன் சேர்க்க மாட்டோம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? கெட்டுப்போய்விடுமே என்று நான் அதை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்துக் கொடுத்தது உங்கள் காதுக்கு எட்டிவிட்டது. பதில் மரியாதையாக நான் கொடுத்தனுப்பிய குண்டு மிளகாயையும் நீங்கள் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா உறைக்கட்டும்னுதான் குடுத்துவிட்டிருக்காக" என்று கவிதாவிடம் சொன்னீர்களாமே. அதற்குப் பிறகு விசேஷங்களில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் நமக்குள் பேச்சு.

அப்படி இருந்தபோதுதான் ரீகன் போயிருந்த கப்பலிலிருந்து வாரக் கணக்கில் தகவல் இல்லாமல் போனது. அந்தக் கடல் பக்கம் பெரிய புயல் என்று டிவியில் வேறு சொன்னார்கள். கவிதா போனில் பேசும்போதே குரல் சுருங்கிப்போயிருந்தது. நான் பஸ் ஏறிவிட்டேன். பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது என் போனில், 'இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. இருந்த மனநிலையில் அதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

நான் வந்து சேர்ந்தபோது கவிதா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்விட்டிருந்தாள். வார்டில் போனை வைத்திருக்க விடமாட்டார்கள். உங்கள் வீட்டுக்காரர், அண்ணன், கடலுக்குப் போயிருந்தார். வீட்டில் நீங்கள் மட்டும்தான். நான் பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டீர்கள்.

"கவிதாவக் கூட்டிட்டுப் போகவா வந்தீக?"

"கொஞ்ச நாளைக்கு எங்க கூட இருக்கட்டுமேன்னு."

"கொஞ்ச நாளைக்கா, ஒரேயடியாவா? அதச் சொல்லுங்க மொதல்ல."

எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலுக்கு ஏதோ சொல்லியிருப்பேன். அதற்குள் நீங்களே, "எதுவா இருந்தாலும் மதியத்துக்கு மேல பேசிக்குவோம்" என்று நிறுத்தினீர்கள். காலையில் கப்பல் கம்பெனியிலிருந்து பேசினார்களாம். கப்பல் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, சிலருக்குக் காயம், யார் யாருக்கு என்று தெரியவில்லை, மதியம் கரையில் வைஃபை கிடைத்ததும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பேசுவார்கள் என்று சொன்னார்களாம். ரீகன் எப்போதும் கூப்பிடுவது வீட்டில் இருக்கும் அந்தப் பெரிய திரை டேப்புக்குத்தான். நீங்கள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து மடியிலேயே வைத்திருந்தீர்கள்.

கொஞ்ச நேரத்தில் டேப்பின் மூலையில் ஓர் ஆச்சரியக்குறி முளைத்தது. ஜன்னலைப் பார்த்தால் சிவப்பு விளக்கு.

அன்று உங்கள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. ரவுட்டரை அணைத்தீர்கள், போட்டீர்கள், மறுபடி அணைத்தீர்கள். சிவப்பு மாறவே இல்லை. என் போனில் நெட் பேக் கிடையாது. பேசலாம் என்று பார்த்தால் அதிலும் அவசர அழைப்பு மட்டும் என்று வந்தது. உங்கள் பட்டன் போனில்தான் சிக்னல் இருந்தது. ரவுட்டரை மாட்டிக் கொடுத்த ராமேஸ்வரம் கடைக்காரருக்குப் போட்டீர்கள்.

"வேற ஒரு போன்ல வைஃபையப் போட்டு, நெட்டுக்குள்ள போற எடத்துல இந்த நம்பர அடிங்கம்மா" என்றார் அவர். "நூத்தித் தொண்ணூத்திரெண்டு, புள்ளி, நூத்தி அறுபத்தெட்டு, புள்ளி, ஒன்னு, புள்ளி, ஒன்னு."

"இது எந்த ஊரு நம்பரு தம்பி?"

"ஊரு இல்லம்மா, ஒங்க வீட்டு ரவுட்டரோட நம்பருதான். உள்ள போறதுக்குப் பேரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். பின்னால இருக்க ரீசெட்ட மட்டும் அமுக்கிராதீக, எல்லாம் அழிஞ்சுபோயிரும்."

அதோடு உங்கள் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது.

நான் கண்ணாடியை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். உங்கள் கண்ணாடியைக் கழற்றி எனக்குக் கொடுத்தீர்கள். என் போனில் நான் எழுத்தை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன், நீங்கள் போட்டுச் சரிபார்ப்பீர்கள். எண்ணை அடித்ததும் உண்மையிலேயே ஒரு பக்கம் திறந்தது. பெயர் கேட்டது, பாஸ்வேர்ட் கேட்டது. சொன்னபடியே அடித்தோம். தவறு என்றது.

"எம்மவன் மாத்தி வச்சிருக்கான். படகு பேரப் போடுங்க."

போட்டேன். தவறு. கவிதா பெயரைப் போட்டோம். தவறு. அந்தோணியாரையும் போட்டோம். நான் மெதுவாக, "முருகன்னு போட்டுப் பாப்போமா?" என்றேன். நீங்கள் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தீர்கள்.

"அவன் எதுக்கு முருகன்னு வைக்கப்போறான்?"

"எம்மகளக் கட்டுன பெறகு வச்சிருக்கலாம்ல?"

அந்த அவதியிலும் உங்கள் உதட்டோரம் லேசாக அசைந்தது. முருகனும் உதவவில்லை. மேற்கொண்டு முயன்றால் பலன் இல்லை, கொஞ்ச நேரம் கழித்து வா என்று அந்தப் பக்கமே நம்மைப் பூட்டி வைத்துவிட்டது.

உங்கள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் நாம் இரண்டு பேரும் முதன்முதலாகச் சும்மா உட்கார்ந்தது அப்போதுதான். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினீர்கள்.

"அவன் அப்பா போற கடலுக்கு இவன் போகக் கூடாதுன்னுதான் கப்பலுக்குப் படிக்க வச்சேன். இங்கனதான் பயம், பெரிய கப்பல்ல என்ன பயம்னு நெனச்சேன், சம்பந்தி."

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் செதில் கீறிக் கீறி உரமேறிய கை. நீங்கள் இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒங்க கவிதா ராத்திரியெல்லாம் தூங்குறதில்ல. பக்கத்துல போயிப் படுத்துக்குவேன். நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு அழுவா. நானும் தூங்குற மாதிரியே கெடப்பேன். எந்திருச்சா ரெண்டு பேரும் சேந்துல்ல அழணும்?" என்றீர்கள். பிறகு, "அவளக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒன்னும் சொல்லல. அவன் குரலக் கேட்டுட்டுப் போகட்டும்" என்றீர்கள்.

"மாப்பிள்ள குரலக் கேட்டுட்டா, அப்புறம் நான் எதுக்கு அவளக் கூட்டிட்டுப் போறேன்?"

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கூடை மீனுக்கும் மிளகாய்க்கும் அந்தப் பார்வையிலேயே நாம் கணக்கை முடித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

போன் உயிர் பெற்றதும் கடைக்காரரை மறுபடி பிடித்தோம். அவர் சிரித்தார். "மொத எழுத்து பெரிய எழுத்தா விழுந்திருக்கும்மா. போன் தானா அப்படிப் போட்டுரும். எல்லாத்தையும் சின்ன எழுத்தா அடிங்க." நான் அடித்தேன், நீங்கள் கண்ணாடி போட்டுப் பார்த்தீர்கள், கதவு திறந்தது. ஓர் அந்தோணியாரையும் ஒரு முருகனையும் வீணாகத் தொந்தரவு செய்திருக்கிறோம்.

உள்ளே போனால் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. சிம் இருக்கிறது. சிக்னல் கோடு முழுதாக நிற்கிறது. ஆனால் நெட் இல்லை. சிக்னலுக்குப் பக்கத்தில் நாம் கேள்விப்படாத ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "இது யாரு புதுசா?" என்று நீங்கள் கேட்டபோதுதான் எனக்குப் பஸ்ஸில் வந்த குறுஞ்செய்தி ஞாபகம் வந்தது. எடுத்துக் காட்டினேன்.

நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "அட, சிலோனுக்குப் போயிருச்சு! காத்தில்லாம கடல் கண்ணாடியாக் கெடக்குல்ல? இப்படிக் கெடந்தா அக்கரை டவரு இங்கன வந்து ஒக்காந்துக்கும். போன் எல்லாம் அப்படித்தான் ஓடிப்போகும். இந்த மூதேவியும் போயிருச்சு!"

அதை எப்படித் திரும்ப அழைப்பது என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல நான் தேடினேன். தானாகத் தேர்ந்தெடு என்று இருந்ததை நாமே தேர்ந்தெடுப்பதாக மாற்ற வேண்டும். மாற்றினேன். தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அக்கரைப் பெயர்களுக்கு நடுவே நம் கம்பெனியின் பெயர் ஒன்று தலைகாட்டியது. அதைத் தொட்டதும், இணைப்பு துண்டிக்கப்படும், சம்மதமா என்று ஒரு கேள்வி. என் விரல் அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டு, என் விரலோடு சேர்த்து அமுக்கினீர்கள்.

சிவப்பு அணைந்தது. ஒன்றும் எரியவில்லை. பிறகு பச்சை.

பச்சை வந்த சற்று நேரத்திலேயே டேப் கத்தியது. அவசரத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து தலையை முட்டிக்கொண்டோம். திரையில் தாடியும் கலைந்த முடியுமாக ரீகன். நம் இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

"அம்மா... அத்தையும் அங்கன இருக்காகளா? ரெண்டு பேரும் ஒன்னா ஒக்காந்திருக்கீக? கவிதாவுக்கு என்னாச்சு? உண்மையச் சொல்லுங்க!"

நாம் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஏதோ விபரீதம் நடந்திருக்க வேண்டும் என்றே பிள்ளை முடிவு கட்டிவிட்டது. நீங்கள் அழுகையும் சிரிப்புமாக, "ஏலே, எங்களுக்கு ஒன்னும் ஆகல. ஒனக்கு என்ன ஆச்சு, அதச் சொல்லு!" என்று கத்தினீர்கள். அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். கயிறு இழுத்ததில் சிராய்ப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "மத்த வெரலெல்லாம் காட்டு" என்று ஒவ்வொன்றாக ஆட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கவிதாவைக் கூப்பிடச் சொல்லி, பேசச் சொல்லி என்னிடம் நீட்டினீர்கள். "பேசிட்டாருடி, நல்லா இருக்காரு" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுத சத்தத்தை நாம் இரண்டு பேரும் ஒரே காதாக வைத்துக் கேட்டோம்.

நான் அன்று தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினேன். கிளம்பும் முன் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். என்ன வைத்தோம் என்று உங்கள் மகனுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரால் உள்ளே போக முடியாமல்தான் இன்று 'உங்க டிபார்ட்மென்ட்' ஆனது. பாவம், நானும் இன்னும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காற்று நின்ற நாட்களில் உங்கள் போன் வரும். "சம்பந்தி, மறுபடி சிலோனுக்குப் போயிருச்சு!" ஆனால் எந்தப் பேச்சாக இருந்தாலும் நீங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கோவம் ஏதும் இருக்கா?" இல்லை என்று நான் சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவீர்கள். இருக்கிறது என்றால் முதலில் அதைப் பேசி முடிப்போம். அரிசி விலை, அண்ணனின் முழங்கால், கருவாடு, மிளகாய் எல்லாம் அதற்கப்புறம்தான். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றும் கவிதாவின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு அதையே கேட்டீர்கள். "இல்ல சம்பந்தி, ஒன்னும் இல்ல" என்றேன். அதைச் சொல்லிவிட முடிந்தது என்பதில் எனக்கு இன்றும் பெரிய நிம்மதி.

இன்று அது சிலோனுக்குப் போகவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், சிம் இல்லை என்றது. கழற்றினால் உப்புக் காற்றில் சிம்மின் பித்தளை நிற முகம் பச்சை பூத்திருந்தது. துணியால் துடைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. ரீகன் கைதட்டினார்.

வேலை முடிந்தும் போனை வைக்க மனம் வரவில்லை. என் பெரியண்ணன் இந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்த்ததில்லை. அவருடைய எண்ணைத் தேடி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துவிட்டார். விசாரிப்பு எதுவும் இல்லாமல், உங்களைப் போலவே நேராகக் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, கோவம் ஏதும் இருக்கா?"

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது.

"இருந்துச்சு" என்றார். அவரே தொடர்ந்து, "சம்பந்தியம்மாவுக்கு இன்னைக்குத்தான பூச? எத்தன மணிக்கு?" என்றார்.

சாயங்காலம் என்று சொல்லியிருக்கிறேன். கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்.