சார்ஜரை ஒளித்தேன்

சனிக்கிழமை, இரவு.

வீட்டில் இருந்தவர்கள்: நான், என் கணவர், மகள் ஜெனிட்டா, பன்விலயிலிருந்து வந்த அவருடைய அக்கா.

நானே புத்தகம் பார்த்துப் படித்து, ஒரு பள்ளித் தவணை முழுக்கச் சொல்லிக் கொடுத்தும் ஏறாத பின்னக் கணக்கை, ஜெனிட்டா தன் அத்தை முன்னால் மளமளவென்று செய்து காட்டினாள். லெப்டொப்பில் வரும் பாடத்தில் படித்தாளாம். அது பிழை விட்ட இடத்தைக் காட்டி, அதே மாதிரி இன்னொரு கணக்கு கொடுக்குமாம்.

"ஏன், அம்மாகிட்ட படிக்கலியா?" என்றார் அக்கா.

"அது ஏசாது அத்தை. எத்தன தரம் பிழை விட்டாலும் தலையில குட்டாது."

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பள்ளிக்கூடம் போகாத டீச்சருக்கு இனி குசினி அடுப்படிக்கு மாற்றந்தான்!"

அவர்கள் தேநீர் குடிக்கும்போது லெப்டொப் சார்ஜரை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். அக்கா போன பிறகு பிள்ளை வீடெல்லாம் தேடினாள். தொலைத்துவிட்டாள் என்று கணவர் அவள் கன்னத்தில் அறைந்தார். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டே பார்த்திருந்தேன்.

படுக்குமுன் கணக்குக் கொப்பியோடு என்னிடம் வந்தாள். "நீங்களாவது சொல்லித் தாங்கம்மா."

பார்த்தேன். பின்னத்துக்கு அடுத்த பாடம்; எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

"அதுகிட்டயே போய்க் கேளு" என்றேன்.

மாதாவே, திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. சார்ஜரை எடுத்துக் கொடுக்கவா, வேண்டாமா? விடியுமுன் சொல்லும்.