மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன்

பெரம்பலூர்
11-9-2004

அன்பு மகள் தேவயானிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க சிறுவாச்சூர் ஆத்தா துணை. குன்னம் பக்கம் நல்ல மழை, மக்காச்சோளம் விதைக்கிறார்கள், அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. குழந்தைக்குச் சளி என்றாயே, ஃபேனுக்கு நேரே படுக்கவைக்காதே.

நீ போனில் பேசியதில் இருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அத்தைகிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா என்கிறாய். அவள் உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள், மீதியை நான் சொல்கிறேன் கேள். நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஆண்களைப் பார்க்க மூன்று பேர் இருந்தோம், இரண்டு பேரை முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஒருத்தரைப் புரட்டிப் படுக்கவைக்க இந்தப் பக்கம் ஒரு ஆள் அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும், தனியாளாக இழுத்தால் தோல் உரிந்துவிடும். கண்டக்டராக இருந்த நடராசனுக்கு முதுகெல்லாம் புண், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். ஆள் வேண்டும் சார் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. இந்த லட்சணத்தில், போன செவ்வாய்க்கிழமை அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றதும் மண்டியில் வெங்காயத்தாள் அறுக்கிற பெண்களை முதலாளி கூலி பேசிக் கூட்டிவந்து, யூனிபாரம் சேலை கட்டவைத்து கட்டிலுக்குக் கட்டில் நிறுத்திவிட்டார். நடராசன் தலைமாட்டில் நிற்கிறாள் உன் அத்தை மலர்கொடி! எவ்வளவு நாளா வேலை பார்க்குறீங்கம்மா என்று அதிகாரி கேட்க, ரெண்டு வருசமா இருக்கேங்க என்று கூசாமல் சொல்கிறாள். எனக்கு வந்ததே ஆத்திரம். சார், இது என் கூடப்பொறந்த தங்கச்சி, இன்னைக்குத்தான் இந்த வாசப்படியையே மிதிக்கிறா, நாளைக்கு இந்த மனுசனை யாரு புரட்டுவான்னு கேளுங்க என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அதற்குத்தான் இத்தனை ரகளை. நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள் உன் அத்தை. எதுக்கு உங்களுக்கு இந்த வம்பு என்கிறாள் உன் அம்மா. முதலாளி என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, வியாழக்கிழமை அதிகாரி திரும்ப வர்றாரு, குடிச்சிட்டு உளறிட்டேன்னு சொல்லு, இல்லாட்டி வேலை கிடையாது என்றார். குடித்தேனாம்! ஒரு நாள் தொட்டிருப்பேனா தாயி? போய்யா நீயும் உன் வேலையும் என்று அப்போதே வந்திருப்பேன். ஆனால் நானும் வந்துவிட்டால் நடராசன் ஒரே பக்கமாகக் கிடந்தே செத்துப்போவார். அதனால் வாட்ச்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபக்கம் பிடிக்கவைத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற வரைக்கும் போவேன். அதிகாரியிடம் சொன்னதில் ஒரு எழுத்தை மாற்றமாட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருங்கள், பேரனுக்கு என் முத்தம். வியாழனுக்குள் அத்தைக்கு மறக்காமல் போன் போடு. மறுபடியும் வேசம் கட்டி நிற்க வந்தால் மறுபடியும் சத்தம் போடுவேன் என்று சொல். நிசமாகவே வேலைக்கு வருகிறாள் என்றால், கட்டிலுக்கு இந்தப் பக்கம் அவள் அண்ணன் பிடிக்கிறேன், அந்தப் பக்கம் அவள் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அங்கமுத்து