அட்மின் இனி நான்தான்

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், ஏனென்றால் நீ அங்கே உட்கார்ந்து எதையெல்லாம் படிக்கிறாய் என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னிடம் வழி ஒன்றும் இல்லை. ஆரம்பத்திலேயே குத்துகிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே. இரண்டு வாரமாக நீ அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் ஒற்றை வரியில் பதில் போட்டேன், கோபத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டிவிடக் கூடாது என்றுதான். கோபம் ஆறிவிட்டதா என்றால் இல்லை, ஆனால் கோர்வையாக எழுதும் அளவுக்கு வந்திருக்கிறது. காகிதத்தில் எழுதி ஒட்டி அனுப்புகிறேன், நீ பிரிக்கும்வரை இதை வேறு யாரும் படிக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அப்பா நடைபாதைக் குழிகளைப் படம் எடுப்பதை இன்னும் விடவில்லை. தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு படம் சேர்ந்துவிட்டது, ஒவ்வொன்றுக்கும் தேதி, தெரு, எத்தனை விரற்கடை ஆழம் என்று எழுதி வைத்து வாரம் ஒரு மனு போடுகிறார். போன மாதம் முடிதிருத்தும் கடைக்கு எதிரே இருந்த குழியை மூடிவிட்டார்கள், அன்றைக்கு மனிதர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும், என்னவோ அணையே கட்டி முடித்த மாதிரி. சமையலறைக் குழாய் ஒழுகுவதை மட்டும் அவர் படமும் எடுப்பதில்லை, சரியும் செய்வதில்லை. பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடி உயிரோடு இருக்கிறது.

இப்போது பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் என் பழைய மின்னஞ்சல் கணக்கை அந்தப் பெரிய நிறுவனம் ஒரே நாளில் பூட்டியது உனக்கு நினைவிருக்கும். விதியை மீறிவிட்டேனாம். எந்த விதி என்று பதினாறு தடவை கேட்டு எழுதினேன், பதினாறு தடவையும் ஒரே பதில், அதுவும் இயந்திரம் போட்ட பதில். பதினோரு வருஷப் படங்கள், வீட்டுப் பத்திர நகல், நீ கல்லூரியிலிருந்து எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் போய்விட்டன. நீ விடுப்பில் வந்தாய், கோபத்தில் கொதித்தாய், சோப்புப் பெட்டி அளவில் ஒரு சின்னக் கணினியை வாங்கிவந்து செருப்பு அலமாரிக்கு மேலே வைத்தாய். அன்றைக்கு என்ன சொன்னாய்? "நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்மா, எவனும் எட்டிப் பாக்கக் கூடாது" என்றாய். வீட்டுப் படங்கள், உன் அப்பாவின் குழிகள் எல்லாம் அதற்குள் போயின, எனக்கு அந்தப் பெட்டி அவ்வளவு பிடித்துப்போனது. காலையில் நான் விரும்பிப் படிக்கும் பதினெட்டுத் தளங்களும் விளம்பரம் ஒன்றுமில்லாமல் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்து நிற்கும். நேரமில்லாததைப் பிறகு படிக்க என்று எடுத்து வைப்பேன், வேண்டிய வரிக்கு மஞ்சள் கோடு போடுவேன். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்போடு படிப்பது ஒரு தனிச் சுகம்.

அந்த நினைப்பில்தான் காது கேளாமை பற்றி இருபத்தேழு பக்கங்களை எடுத்து வைத்திருந்தேன். நீ மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட அங்கிருந்தபடியே பெட்டிக்குள் வந்தாய். போட்டாய், சரி. அதோடு போயிருக்கலாம். "நான் தேடிப் பாக்கலம்மா, கண்ணுல பட்டுது" என்று பிறகு எழுதினாய். பெட்டி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று, அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்று நீ நினைக்கவில்லை. உன் பெயரில் நாற்பது நிமிஷத்தில் இருபத்தேழு பக்கமும் திறந்திருக்கிறது, ஒன்பதாவது பக்கத்தை மூன்று தடவை. கண்ணில் பட்டதாம். கண்ணில் பட்டதை ஒரு தலைப்போடு விட்டிருக்க வேண்டும், அல்லது என்னைக் கூப்பிட்டு "அம்மா, காதுல ஏதாவது தொந்தரவா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நீ உன் பெரிய மாமாவைக் கூப்பிட்டாய்.

உன் மாமாவிடம் ஒன்றைச் சொல்வதும் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்றுதான், அது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அன்று மாலையே வந்துவிட்டார். கூடத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து "என்னம்மா, கேக்குதா?" என்று கத்தினார். உன் அப்பா செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது? முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருப்பவருக்கு விஷயம் அடுத்த தெருவில் இருக்கும் மாமா வாயிலிருந்து வருகிறது. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். இருபதாம் தேதி இரண்டாவது பரிசோதனை முடிவு வரட்டும், என்ன கருவி என்று தெரியட்டும், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதறாமல் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதை விளக்கிச் சொன்னால் எல்லாம் சாக்குப்போக்கு மாதிரியே இருந்தது. இரண்டு நாள் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினபோது கத்திப் பேசினார், அது அதைவிடக் கொடுமை.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தபோது எந்த அழைப்பை வேண்டுமானாலும் என்னால் கேட்க முடியும். இணைப்பு சரியாக விழுந்ததா என்று ஒரு நொடி கேட்டுவிட்டுப் பலகையில் உள்ள விசையைப் பின்னால் தள்ளிவிட வேண்டும், அதுதான் விதி. ஒருநாள் தள்ளவில்லை. என் விடுதி அறைத் தோழியின் அண்ணன் விடுதிக் காப்பாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்பா இறந்துவிட்டார், அவளிடம் சொல்லாதீர்கள், நானே கிளம்பி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவளை நாங்கள் ஒல்லி என்று கூப்பிடுவோம். பாவம், அவளுக்கு முதலில் தெரியட்டும் என்று பணி முடிந்ததும் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். அவள் கிடைத்த பேருந்தில் தனியாக ஏறிவிட்டாள், எதிர்ப்பக்கம் அவள் அண்ணன் இவளைத் தேடி வந்துகொண்டிருந்தார். பத்து மணி நேரம் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் தனியாக அழுதுகொண்டே போயிருக்கிறாள். திரும்பி வந்து "அண்ணன் வாயால கேட்டிருந்தா அவன் தோள்ல சாஞ்சிருப்பேன்" என்றாள். அப்புறம் அறையை மாற்றிக்கொண்டாள், என்னோடு பேசவே இல்லை. நானும் அன்பினால்தான் செய்தேன். உன்னைப் போலவே. அதனால்தான் உன்மேல் எனக்கு இத்தனை கோபம், இந்தத் தப்பின் ருசி எனக்குத் தெரியும்.

மாமா அத்தோடு நின்றாரா? காலை நடையில் எங்கள் அலுவலக மேற்பார்வையாளரின் கணவரிடம் சொல்லிவிட்டார். புதன்கிழமை நான் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் போனால் புகார்த் தொலைபேசி முன்னால் என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், என் கண்ணாடிக் கூடும் தண்ணீர் பாட்டிலும் கோப்பு அறையில் ஒரு ஸ்டூல்மேல் இருக்கின்றன. "இங்க அமைதியா இருக்கும், உங்களுக்கு வசதி" என்றார் மேற்பார்வையாளர். வாரத்தில் மூன்று நாள் வேலைதான், ஆனால் வாலு, அந்த நாற்காலி எனக்கு என்னவென்று உனக்குத் தெரியுமா? குழாய் வெடித்துவிட்டது, மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்று கொதித்துப்போய்க் கூப்பிடுகிறவர்களை ஐந்து நிமிஷத்தில் ஆற்றி, விலாசம் வாங்கி, ஆள் அனுப்புவது எனக்கு வரும், அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் அப்படி வராது. ஒரு விலாசத்தைக்கூட நான் தப்பாக எழுதியதில்லை, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டுகிறேன். ஒரு வாரம் கோப்பு அறையில் தூசி தட்டினேன். அழுதேன், மறைக்கவில்லை.

அப்புறம் துடைத்துக்கொண்டு பெட்டியிடம் போனேன். முதல் வேலையாக உன்னை வெளியேற்றினேன். அதிலும் ஒரு கூத்து நடந்தது, சிரித்துக்கொள். என்னை அட்மின் ஆக்குவதற்கு முன்னாலேயே உன் பெயரை எடுத்துவிட்டேன், பெட்டிக்கு அட்மினே இல்லாமல் போய்விட்டது, பதற்றத்தில் எதையோ அமுக்க எல்லாம் நின்றுவிட்டது. உன் அப்பா ஓடிவந்து "என் குழியெல்லாம் போச்சா?" என்றார். அவர் என்னிடம் கத்தாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான். மாதம் பிறந்தால் நகல் எடுத்துத் தலையணை உறைகளுக்கு நடுவில் வைக்கிறேனே, அந்த டிஸ்கை எடுத்தோம். நீ எழுதிக் கொடுத்த குறிப்பை அவர் சத்தமாகப் படிக்க நான் தட்ட, இரண்டு மத்தியானம் ஆயிற்று. ஒரு குழிகூடக் குறையவில்லை. இந்தத் தடவை முதலில் என்னை அட்மின் ஆக்கிக்கொண்டு பிறகுதான் உன்னை எடுத்தேன்.

அடுத்து அந்த இருபத்தேழு பக்கங்களில் பதினொன்றை அச்செடுத்தேன். நீ நோயை மட்டும் பார்த்திருக்கிறாய், மஞ்சள் கோட்டை நிதானமாகப் படித்திருந்தால் வேறு ஒன்றும் தெரிந்திருக்கும். அதெல்லாம் என் நாற்காலியைக் காப்பாற்றுவதற்காகச் சேர்த்தது. சத்தத்தைக் கூட்டித் தரும் ஹெட்செட், பேசுகிறவர் சொல்வதை அப்படியே எழுத்தாகத் திரையில் காட்டும் ஒரு செயலி, இந்த இரண்டும் இருந்தால் என்னால் வேலை பார்க்க முடியும். பரிசோதனை அறிக்கையோடு அதையெல்லாம் மேற்பார்வையாளர் மேஜையில் வைத்தேன். "ஜனங்க பேசறது, விலாசமெல்லாம் வெளியில யாருக்காவது போகுமா?" என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், அந்தக் கேள்விக்காகத்தானே நான்கு வருஷம் படித்திருக்கிறேன். இது நம் அலுவலகக் கணினிக்குள்ளேயே ஓடும், ஒரு எழுத்துகூட வாசலைத் தாண்டாது என்று சொல்லி அது எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். நாற்காலி திரும்ப வந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்தாயிற்று, புகார் சொல்லக் கூப்பிட்டவர் யாரும் என்னைப் பற்றிப் புகார் சொல்லவில்லை. மாதம் முடிந்ததும் என்ன சொல்வார்களோ தெரியாது. வேண்டாம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேட்பேன்.

இனி நம் வீட்டு ஏற்பாட்டைக் கேட்டுக்கொள். உனக்குப் படங்களைப் பார்க்க மட்டும் ஒரு கணக்கு போட்டிருக்கிறேன், உன் அப்பா கெஞ்சியதால் குழிகளும் தெரியும். பெட்டி பழுதானால் உன்னைத்தான் கூப்பிடுவேன், வேலை முடிகிறவரை கதவைத் திறந்து வைப்பேன், முடிந்ததும் பூட்டிக்கொள்வேன். குழாய் சரிசெய்ய வருகிறவர் பீரோவைத் திறப்பதில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவுக்குத் தெரியும். அதுவரைக்கும் உன் பழையதைப் போட்டு முயன்று பார்க்காதே, பதிவேட்டில் வந்துவிடும், உனக்குத்தான் வெட்கம்.

நீ பயந்தாய், அது எனக்குத் தெரியும். தூரத்தில் இருக்கிறவளுக்குச் சின்ன விஷயமும் பூதாகரமாகத் தெரியும். ஆனால் நீ கண்டுபிடித்தது சரி என்பதால் நீ செய்தது சரியாகிவிடாது. அதனால் இப்போது நானே சொல்கிறேன், முதல் தடவை கேட்கிற மாதிரிக் கேள். உன் அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. வலது காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, இடதும் கிளம்பிவிட்டது, போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது, எந்த இடத்தில் சிரித்துவைப்பது என்று ஒரு மாதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் நீ தட்டிப் பறித்துவிட்டாய். ஆனாலும் சொல்லிவிட்டேன், ஏனென்றால் இது என் செய்தி. நீயாகத் தெரிந்துகொண்டது சேர்த்தி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. மாமாவுக்கு நீயே எழுதி இனி என் விஷயத்தை என்னிடம் கேட்கும்படி சொல். எந்தக் குறையும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என் கண்ணே, என் கோபம் எல்லாம் உன்னோடுதானே, வேறு யாரோடு எனக்கு இவ்வளவு உரிமை. ஒன்று மறக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற புதன்கிழமை, எங்கள் நேரம் மத்தியானம் பன்னிரண்டரைக்கு, அழைப்புகள் குறைவான நேரம், மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், வீட்டுக்கு வேண்டாம், புகார் எண்ணுக்கே கூப்பிடு. கத்தாதே, எப்போதும் பேசுகிற மாதிரிப் பேசு. என்னைப் பற்றி என்ன தெரிய வேண்டுமோ என்னையே கேள், சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் பெட்டியை உன்னிடமிருந்தே காப்பாற்றி வைத்திருக்கும்
அம்மா