மாத்திரை போட்டுக் கொன்ற கிருமிகள்

ஹைதமின் அப்பாவுக்கு,

அடுப்பில் ஃபூல் பயறு வேகவைத்து மூடியிருக்கிறேன். சர்க்கரை மாத்திரை தட்டுக்குப் பக்கத்தில்.

தலையணைக்கு அடியில் காலி ஆன்டிபயாடிக் அட்டையைப் பார்த்தேன். டாக்டர் என்ன சொன்னார்? “உங்க எடைக்கும் சர்க்கரைக்கும் குடல்ல இருக்கிற கிருமிங்களும் ஒரு காரணம். பயறு, பருப்புன்னு சாப்பிட்டு நல்ல கிருமிய வளருங்க.” நீங்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோய் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். டாக்டரிடம் போனில் சொன்னேன். “ஐயோ, நல்லதும் சேர்ந்து செத்திருக்குமேம்மா!” என்று கத்தினார்.

சாயங்காலம் உங்கள் தம்பி ஃபத்ஹி வழக்கம்போல பஸ்பூசா இனிப்போடு வருவான். பாகு சொட்டச் சொட்டத் தின்னுங்கள். அன்றைக்கு அதைக் குப்பையில் கொட்டியதற்குத்தானே என் பிள்ளையை “வெளிய போடா நாயே” என்று துரத்தினீர்கள்? ஷுப்ராவில் ஹைதம் வாடகைக்கு எடுத்திருக்கும் அறைக்குத்தான் போகிறேன்.

ஹைதமின் அம்மா

பி.கு.: வயிற்றில் நீங்கள் செய்தது எனக்கு ஆச்சரியமே இல்லை. வீட்டிலும் நல்லதைத் துரத்திவிட்டு ஃபத்ஹியைத்தானே வைத்துக்கொண்டீர்கள்? என் சாவி மேசைமேல் இருக்கிறது. அவனிடமே கொடுத்துவிடுங்கள்.