கீழே நிற்கிறவன்

ஜனவரி 12

அன்புள்ள குள்ளனுக்கு,

நெட்டை எழுதுவது. இங்கே என் முதுகைத் தவிர எல்லோரும் சுகம்.

போனில் கூப்பிட்டால் பாதிப் பேச்சில் தூங்கிவிடுகிறாய். போன வாரம் உன் குறட்டையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அதனால்தான் கடிதம். இதையாவது விழித்திருக்கும்போது படி.

நாள் முழுக்க அடுத்தவன் வீட்டுப் பீரோவையும் கட்டிலையும் மாடியிலிருந்து இறக்குகிறாய். அது போதாதென்று விடியும் முன்பே எழுந்து மாரத்தானுக்கு ஓடிப் பழகுகிறாயாமே? உன் பெண்டாட்டி, என் தங்கச்சிதான் சொன்னாள். உனக்கென்ன, காலில் சக்கரமா?

நான் வேலை பார்க்கும் கிடங்கின் வாசலில் ஓர் இடம் காலியாகிறது. வருகிற லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. யோசித்துப் பார். அது சரி, அங்கே உன்னோடு சாமான் தூக்க என் இடத்துக்கு வந்த புது ஆள் எப்படி?

உன்
நெட்டை

ஜனவரி 21

அருமை நெட்டை,

உன் கடிதத்தை லாரியில் உட்கார்ந்து படித்தேன். தூங்கவில்லை, சத்தியம்.

புது ஆளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். வாயை மூடமாட்டான். ஆனால் உன் உயரம். அதனால் மாடிப்படியில் சாமான் இறக்கும்போது அவன்தான் கீழ்ப்பக்கம், பாதிக்கு மேல் பாரத்தை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகவே இறங்குவான். நான் மேலே பிடித்துக்கொள்வேன். நம் பழைய முறைதான்.

நாற்காலி வேண்டாம்டா. உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏன் ஓடுகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேலையில் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. கீழே இருப்பவன் சொன்னால் நகரும், பீரோ சொன்னால் நிற்கும். ஓடும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை. யார் வீட்டுக் கண்ணாடியும் உடையாது. மார்ச்சில் பந்தயம், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். முடித்தே தீருவேன்.

களைப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். நேற்று சட்டைப் பொத்தான் போட விரல் மடங்கவில்லை. உன் தங்கச்சிதான் போட்டுவிட்டாள். "ஓடுற காலுக்கு ஒரு நாளாவது கடைக்குப் போகத் தெரியுதா பாரு" என்று பொத்தானுக்குப் பொத்தான் திட்டினாள். ரேடியோகூட, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டான். தூசி என்று சொல்லிவிட்டேன்.

குள்ளன்

பிப்ரவரி 2

குள்ளா,

தூசியாம். கேட்கிறவன் கேனையன் என்று நினைத்தாயா?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே. ஓடாதே என்றால் கேட்கவா போகிறாய்? ஆனால் பாரம் அதிகமான நாளில் ஓடாதே. வெறும் வயிற்றோடு ஓடாதே. படுப்பதும் பயிற்சிதான். முக்கியமாக, ரேடியோவிடம் உண்மையைச் சொல். கீழே நிற்பவனுக்குக் கண்ணே மேலே இருப்பவன்தான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், இங்கே எனக்குப் பேச ஆளில்லை. லாரி வருவதையும் போவதையும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கிறது. நீ வந்தால் நன்றாயிருக்கும்.

நெட்டை

பிப்ரவரி 16

நெட்டை,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. வியாழக்கிழமை வெகுதூரம் ஓடிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்குப் போனேன். மூன்றாம் மாடி, மரப் பீரோ. படி திரும்பும் இடத்தில் எனக்குக் கண் சொருகியது. ஒரு நொடிதான். கை தளர்ந்து பீரோ அப்படியே ரேடியோமேல் சாய்ந்தது. "டேய்!" என்று அலறினான். சுவரில் முதுகை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டான். நல்ல வேளை, தோள் உரசியதோடு போயிற்று.

இறக்கி வைத்ததும், "தூங்கினியா?" என்றான்.

"வழுக்கிடுச்சு" என்றேன்.

அவன் பார்த்த பார்வைக்கு இரண்டு அடி அடித்திருக்கலாம். "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? இனிமே உனக்குக் கீழே நான் நிக்கமாட்டேன்" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இப்போது மற்றவர்களும் என்னோடு சேருவதில்லை. அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறேன். ஜோடி இல்லாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலாளி முனகுகிறார். வீட்டில் உட்கார முடியவில்லை. ஓடவும் மனம் வரவில்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

அந்த நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதா?

குள்ளன்

பிப்ரவரி 22

குள்ளா,

முதலில் திட்டிவிடுகிறேன். மடையா. அறிவு கெட்டவனே. ஏழு வருஷம் உனக்குக் கீழே இறங்கியிருக்கிறேன், ஒரு நாள் பயந்ததில்லை. களைத்துப்போனது தப்பில்லை, எவன்தான் களைக்கவில்லை? வழுக்கிடுச்சு என்றாயே, அதுதான் தப்பு.

திட்டி முடித்தாயிற்று. வந்துவிடு. அதிகாரியிடம் பேசிவிட்டேன், ஏப்ரல் முதல் தேதி சேரலாம். பக்கத்து வீட்டு மாடி உங்கள் இரண்டு பேருக்கும் போதும். என் வீட்டுக்காரி அந்த ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

நெட்டை

மார்ச் 10

குள்ளா,

பதில் எங்கே? திரை தைத்து முடித்தாயிற்று. அதிகாரி கேட்டுக்கொண்டே இருக்கிறார். போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆமாம், இல்லை, ஒரு வரி எழுது.

நெட்டை

மார்ச் 27

என் நெட்டை,

நான் வரவில்லை. இதை எழுதுவதற்குள் பல தாளைக் கிழித்துவிட்டேன். உன் கடிதங்களைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். உன் வீட்டுக்காரி தைத்த திரையை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

நீ திட்டி எழுதியதைப் படித்த மறுநாளே ரேடியோவிடம் போய், தூங்கித்தான் போனேன் என்று சொல்லிவிட்டேன். "நீ மேலே நில்லு, நான் கீழே நிக்கிறேன்" என்றேன். என் உயரத்துக்கு அது கூத்துதான். பாரம் மொத்தமும் நெஞ்சில் வந்து உட்காரும். ஆனாலும் நின்றேன். நிற்க உடம்பில் தெம்பு வேண்டுமே? பாரமான நாளில் ஓட்டத்தை விட்டேன். மற்ற நாளில் மூச்சு வாங்காமல் பேசும் அளவுக்கு மெதுவாக ஓடினேன். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது லாரியிலேயே தூங்கினேன். சாப்பிட்டால்தான் உன் தங்கச்சி ஷூவையே கண்ணில் காட்டுவாள். காலையில் வந்ததும் அன்றைக்கு உடம்பு எப்படி என்று ரேடியோவிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். அவன் கேட்காதவன்போல் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பான். நானும் விடவில்லை.

கீழே நின்ற பிறகுதான் ஒன்று தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் மேலே பிடித்திருப்பவன் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. ஏழு வருஷம் இந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேவா இறங்கினாய்? பாவம்டா நீ. படியில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தை முடித்தேன். கடைசி ஆட்களில் ஒருவன், தடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திங்கள் லீவு போட்டேன். செவ்வாய் ஒரு பீரோ, இரண்டாம் மாடி. "இன்னைக்குக் கீழே நிக்க என்னால முடியாது, தொடை நடுங்குது. வேற யாரையாவது கூப்பிடு" என்றேன்.

ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டான். "அதான் சொல்லிட்டேல்ல, போதும். நீ மேலே பிடி. திருப்பத்துக்குத் திருப்பம் இறக்கி வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு படி இறங்கி எனக்குக் கீழே நின்றான்.

இனி நான் எப்படிடா வருவேன்?

உன்
குள்ளன்